என்னைச் சுத்திப் போன நாய்

ஏனுங்ணா, அந்த வீடியோவக் கொஞ்சம் நிறுத்துங்க. இல்லீங்க, சத்தமெல்லாம் ஒண்ணும் தொந்தரவில்ல. அந்த எடத்துல நிறுத்துங்கன்னேன். ஆ, அங்கதான். மேடையில வெள்ளச் சட்டை போட்டுட்டு, ரெண்டு கையையும் கும்புட்டுட்டு ஒருத்தன் நிக்கறான் பாருங்க. அந்த மிசின் நாய் அவன்கிட்ட வர்ற மாதிரி வந்து, ஒரு எட்டு ஒதுங்கி, அவனைச் சுத்திட்டு அந்தப் பக்கம் போகுது பாருங்க. கூட்டம் பூரா சிரிக்குதுங்களா? அந்த வெள்ளச் சட்டை நான்தானுங்க.

சிரிச்சுக்குங்க, பரவால்ல. பஸ் ஏறறதுக்கு முன்னாடி பேக்கரியில டீ குடுத்தவனே என்ற மூஞ்சியப் பாத்துட்டு உள்ள போய்ச் சிரிச்சுட்டு வந்தான். நீங்க பெரியவங்க. பாத்தா நாயம் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கறீங்க. நம்பியூர் போற வரைக்கும் நேரம் கெடக்குது. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எனக்கு நடந்தது துரோகமா இல்லையான்னு. அந்த வீடியோ எடுத்துப் போட்டவனுக்கு என்னங்க தெரியும்? கடைசி வரிசையில உக்காந்து செல்லைத் தூக்கிப் புடிச்சவன் அவன்.

என்ற பேரு தரணீஷ்ங்க. கோயமுத்தூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருசம். காலேஜ் பேரு வேண்டாமுங்க, ஏற்கெனவே நாறிக் கெடக்குது. கடைசி வருசம்னா எல்லாரும் ஒரு புராஜெக்ட் பண்ணணும். பாதிப் பசங்க கடையில ரெடிமேடா வாங்கி அட்டை மாத்திக் குடுத்துருவாங்க. நான் அப்படி இல்லீங்க. எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு நாய் மிசின் வாங்கிப் போட்டு, பெட்டி பிரிக்காம பீரோ மேல கெடந்துது. பசங்க ஒடைச்சுருவாங்கன்னு ஹெச்.ஓ.டி. மேடத்துக்குப் பயம். வளர்மதி மேடம்னு பேரு. பேசறதுல நான் கெட்டிங்க. அவங்க ரூமுக்கு நடையா நடந்து, பேசிப் பேசி, கடைசியில "எப்பா, எடுத்துட்டுப் போய்த் தொலை"ன்னு அவங்க வாயாலயே சொல்ல வெச்சேன். நான் இல்லைன்னா அந்த நாய் இன்னும் பீரோ மேலதானுங்க இருக்கும். இதை மனசுல வெச்சுக்குங்க.

டீம்ல மூணு பேரு. நான் லீடர். அப்பறம் நஸ்ரின். அந்தப் புள்ள மூளைக்காரி, ஆனா வாய் கொஞ்சம் நீளம். மூணாவது பூபாலன். பூபாலன் யாருன்னா, ஹாஸ்டல்ல சேந்த நாள்ல இருந்து என்கூட ஒரே ரூமு. பள்ளிபாளையத்துக்காரன். ஊட்ல தறி ஓட்டறாங்க. ஒட்டுக்காத் திம்போம், ஒட்டுக்காத் தூங்குவோம், என்ற துணிய அவன் போட்டுக்குவான், அவன்ற சோப்ப நான் போட்டுக்குவேன். அப்படிப்பட்டவன். அவன்தான் பண்ணுனது.

நாய்க்கு என்ன சொல்லிக் குடுக்கறதுங்கற ஐடியாவும் என்னோடதுதானுங்க. மத்த காலேஜ்ல எல்லாம் நாய் நடக்கும், உக்காரும், கை குடுக்கும், அதோட முடிஞ்சுது. நான் மொதல் ரிவ்யூல எந்திரிச்சு நின்னு சொன்னேன். "நாய் தனக்கு யாரு எசமான்னு தானே கண்டுபுடிக்கணும். நாம பேரைச் சொல்லிக் குடுக்கக் கூடாது. யாரு அதுகூட இருக்கறாங்க, யாரு கூப்புட்டுப் பேசறாங்க, விழுந்தா யாரு தூக்கி விடறாங்க, அதையெல்லாம் கேமராவுல பாத்துப் பாத்து அதுவே ஒரு ஆளை முடிவு பண்ணணும். ஊர்ல நாயி அப்படித்தான பண்ணுது?"ன்னேன். மேடம் மேசையத் தட்டுனாங்க. ரிவ்யூவுக்கு வந்திருந்த சார் ஒருத்தர், "அது உங்களை விட்டுட்டு வேற ஆளைத் தேர்ந்தெடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னு மடக்கினார். "அப்ப அவன்தான் சார் எசமான்"னு பட்டுனு சொன்னேன். கிளாஸே கை தட்டுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் பூபாலன் எனக்குப் பரோட்டா வாங்கிக் குடுத்தான். சும்மா சொல்லக் கூடாது, அன்னைக்கு அவனுக்கு நெம்ப சந்தோசம்.

பேரும் நான்தான் வெச்சேன், சுல்தான்னு. ஆனா பூபாலன் ஒரு நாளும் அந்தப் பேரைச் சொன்னதில்லீங்க. நம்ம பக்கம் கொழந்தைகளக் கூப்புடற மாதிரி "வா சாமி, எந்திரி சாமி, மெதுவா சாமி"ன்னுதான் கூப்புடுவான். ஒரு மிசினைப் போயி! அப்பவே எனக்குச் சுருக்குனு பட்டிருக்கணும்.

ஆரம்பத்துல நாய் கண்டதுலயும் மோதும். மேசைக் கால்ல மோதும், தூண்ல மோதி மல்லாக்க விழும். அதுக்கு நஸ்ரின் ஒண்ணு எழுதினா. அசையாம நிக்கறது எதுவோ, கூப்புட்டாப் பதில் பேசாதது எதுவோ, அதையெல்லாம் சுவரு, தூணு, பீரோன்னு நாய் நெனப்புல வெச்சுக்கும். அடுத்த தடவை பாத்தா மோதாம ஒரு எட்டு ஒதுங்கிச் சுத்திட்டுப் போயிரும். நல்ல வேலைதான். நான் பாராட்டினேன்.

இப்ப நாய் எசமானைக் கண்டுபுடிக்கணும்னா தெனமும் பொழுதோட லேப்ல அதுகூட உக்காரணுமுங்க. நடக்க விடணும், கூப்புடணும், விழுந்தாத் தூக்கணும். காலேஜ் விழாவுல புராஜெக்ட் போட்டி வெச்சிருந்தாங்க, அந்த மேடையில அது யார்கிட்ட வரணும்? லீடர்கிட்டத்தான் வரணும். அதுல எங்க மூணு பேருக்கும் பேச்சே இல்ல. பூபாலனே சொன்னான், "மேடையில நிக்கறதுக்கு நீதான்டா சரி, எனக்கு மைக்கைப் பாத்தாலே நடுங்கும்"னு. ஆனா லீடர்னா லேப்லயே உக்காந்திருக்க முடியுங்களா? நீங்களே சொல்லுங்க. சிறப்பு விருந்தினரைப் பாக்கணும். மேடை, சவுண்ட் செட்டு, வரவேற்பு வளைவு, நினைவுப் பரிசு, மூணு பேருக்கும் ஒரே மாதிரி டீசர்ட்டு. இதெல்லாம் யாரு பாக்கறது? நாயா பாக்கும்?

அதுக்கு நான் ஒரு வழி கண்டுபுடிச்சேன். இப்பவும் சொல்றேன், அந்த வழியில தப்பே இல்ல. அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு விசயம் சொல்லணும். காலேஜ்ல ப்ராக்ஸின்னு ஒண்ணு உண்டுங்க. ஒருத்தன் வரலைன்னா, பேரு கூப்புடறப்போ இன்னொருத்தன் அவனுக்காக "எஸ் மேடம்"னு சொல்லுவான். மொத வருசத்துல இருந்து எனக்கு பூபாலன்தான். அவன் பேருக்குத் தொண்டையில இருந்து ஒரு குரல், என்ற பேருக்கு மூக்கால ஒரு குரல். ஒரு வாத்தியாரும் கண்டுபுடிச்சதில்ல. நான் எங்கிருக்கறேன்னு கூடக் கேக்க மாட்டான். காச்சல் வந்தப்பக் கூடப் போர்வையச் சுத்திட்டுப் போய் உக்காந்து எனக்கு எஸ் மேடம் சொல்லிட்டு வந்து படுத்தான். அப்படி ஒரு நட்பு எங்களுது. இவனே நாய்க்கும் எனக்காக ஒண்ணு பண்ணினா என்னன்னு தோணுச்சு.

போன வருசம் என்ற பொறந்தநாளுக்கு ஜூனியர் பசங்க ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சாங்க. வெள்ளச் சட்டை, கும்புட்ட கை, நெத்தியில ஏத்தி விட்ட கூலிங் கிளாஸ். கீழ "கணினித் துறையின் கலங்கரை விளக்கமே"ன்னு எழுதி, ஓரமெல்லாம் வெட்டி, பின்னால ரீப்பர் கட்டை அடிச்சு நிக்கற மாதிரி பண்ணியிருந்தாங்க. நான் ஒண்ணும் கேக்கலைங்க, அவங்களாப் பண்ணுனது. அது ரூம்ல கதவுக்குப் பின்னால சும்மாதான் நின்னுட்டிருந்துது. அதை லேப்புக்குக் கொண்டு போயி நாய் முன்னால நிறுத்துங்கன்னேன். "சுல்தான், வா இங்க"ன்னு வாட்ஸப்புல பேசி அனுப்பினேன். செல்ல அதுக்குப் பின்னால வெச்சுப் போட்டு விடுங்க, நாய்க்கு மூஞ்சியும் கெடைச்சுது, குரலும் கெடைச்சுதுன்னேன்.

நஸ்ரின் ஒடனே மொகத்தைச் சுளிச்சா. "தரணி, இது கிளாஸ் இல்ல. வாத்தியார் பேரைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. இது ஆளைப் பாக்கும்"னா. நான் சொல்லல, வாய் நீளம்னு? பூபாலன் தலையச் சொறிஞ்சான். "ஒரு பத்து நிமிசமாச்சும் வந்துட்டுப் போடா மாப்ள"ன்னான். நாளைக்கு வர்றேன்னேன். அவன் ஃப்ளெக்ஸைத் தூக்கித் தோள்ல வெச்சுட்டுப் போனான். தெனமும் ஹாஸ்டல்ல இருந்து லேப்புக்கு என்னையத் தோள்ல தூக்கிட்டுப் போயி, திரும்பத் தூக்கிட்டு வருவான். மழை பேஞ்சா என்ற தலைக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டுக் கொண்டு வருவான். ஜூனியர் பசங்க எல்லாம் சிரிப்பாங்களாம். ஆனா முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. அவன் முடியாதுன்னு சொல்லவே இல்ல.

ஒரு நாள் போனேனுங்க. போகாம இல்ல. நாய்கூட ஒரு ரீல்ஸ் எடுக்கலாம்னு போனேன். நாய் என்னையப் பாத்துட்டு ஒதுங்கிப் போயிருச்சு. பேட்டரி கம்மியா இருக்குமோன்னேன். நஸ்ரின் லேப்டாப்பவே பாத்துட்டு இருந்தா. பூபாலன்தான் பின்னாலயே வாசல் வரைக்கும் வந்தான். "மாப்ள, அது உன்னைய என்னமோ மாதிரி எடுத்துக்குது. நாளையில இருந்து நீயே வாடா. கொஞ்ச நாள் வந்தா மாறிக்கும்"னான். வர்றேன்னுதான் சொன்னேன். அடுத்த நாள் பாத்து விருந்தினரோட பி.ஏ. கூப்புட்டுட்டார். அதுக்கடுத்த நாள் டீசர்ட்டு கலர் மாறி வந்துருச்சு. செரி, அவன் சொன்னான். சொல்லலைங்கல. ஆனா எப்படிச் சொன்னான்? அவ்வளவு பெரிய விசயம்னா சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்க வேண்டாமா? அதுதானங்க நட்பு?

காலேஜ் விழா அன்னைக்கு எங்கப்பா, அம்மா, மாமா எல்லாம் வேன் வெச்சு வந்தாங்க. அப்பா நம்பியூர்ல டிராக்டர் சாமான் கடை வெச்சிருக்கறார். கடைய ஒரு நாளும் சாத்த மாட்டார், கலியாணத்துக்கே மொய் எழுதிட்டுத் திரும்பறவர். அன்னைக்குக் கடையச் சாத்திட்டு வந்து மொத வரிசையில உக்காந்தார். பக்கத்துல இருந்தவர்கிட்ட "மேடையில நிக்கறது என்ற பையன்தானுங்க. நாயப் படிக்க வெச்சவன்"னு சொன்னாராம். அம்மா அப்பறம் சொன்னாங்க.

நான் டீசர்ட்டு போடலைங்க. லீடர் தனியாத் தெரியணும்னு வெள்ளச் சட்டை போட்டிருந்தேன். மைக்ல புராஜெக்ட் பத்திப் பேசினேன். நல்லாப் பேசினேன், அதுல ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாது. "இந்த நாய்க்கு யாரும் எசமானைச் சொல்லிக் குடுக்கல. இப்ப உங்க கண்ணு முன்னால தன்னோட எசமானைத் தானே தேடி வரும்"னேன். நடு மேடையில நின்னு கூட்டத்தைப் பாத்துக் கும்புட்டேன். வணக்கம் போடறதுதானங்க மரியாதை? அப்படியே நின்னுட்டு "சுல்தான், வா இங்க"ன்னேன்.

வந்துதுங்க. நேரா வந்துது. என்ற மனசு அப்படியே நெறைஞ்சு போச்சு. ரெண்டு எட்டு தூரத்துல நின்னு தலையத் தூக்கி என்னையப் பாத்துது. மேலயும் கீழயும் பாத்துது. அப்பறம் நீங்க பாத்தீங்களே, அதேதான். ஒரு எட்டு ஒதுங்கி, மோதாம, பதனமா என்னையச் சுத்திட்டுப் போச்சு. ஓரத்துல திரைச்சீலைக்குப் பின்னால சார்ஜரைக் கையில வெச்சுட்டு பூபாலன் ஒளிஞ்சு நின்னுட்டிருந்தான். அவன் கால் மேல போய் மூஞ்சிய வெச்சு உக்காந்துக்கிச்சு. அவன் குனிஞ்சு, "இங்க எதுக்கு வந்த சாமி, அங்க போ, அவன்கிட்டப் போ"ன்னு ரெண்டு கையாலயும் தள்ளறான். அது போகவே இல்ல. தள்ளத் தள்ள இன்னும் ஒட்டிட்டு உக்காந்துது. அவன் தள்ளுனதும் நடிப்புதான்னு இப்பத் தோணுது.

கூட்டம் சிரிச்சுது. செரி, அது கூடத் தாங்கிக்கலாமுங்க. வெளியூர்ல இருந்து வந்த நடுவர் ஒருத்தர் எந்திரிச்சு, "என்ன தம்பி, சென்சார் கோளாறா?"ன்னு கேட்டார். நல்ல மனுசன். அவரே வழி எடுத்துக் குடுக்கறார். எங்க மேடம் கீழ இருந்துட்டே "ஆமாங்க சார், லைட்டு அதிகமா இருக்குது, அதுதான்"னு சொல்லிட்டாங்க. மேடமே சொல்லிட்டாங்க! பாக்கி ஒருத்தன் தலைய ஆட்டணும், அவ்வளவுதான். நான் பூபாலனைப் பாத்தேன். கண்ணுலயே சொன்னேன், ஆமான்னு சொல்றா, ஒரு வார்த்தைடா. எத்தனை தடவை எனக்காக மூக்கால பேசுனவன். அவன் என்னையப் பாத்தான், நாயப் பாத்தான். மைக்கைக் கண்டா நடுங்குவேன்னு சொன்னவன், நஸ்ரின் கையில இருந்து மைக்க வாங்கினான். "இல்லீங்க சார். கோளாறு இல்லீங்க. அது சரியாத்தான் பண்ணுது"ன்னுட்டான்.

நடுவர் விடுவாரா? "சரின்னா எப்படி?"ன்னார். இவன் எல்லாத்தையும் சொன்னான். இவர் வேலையா இருந்தார் சார், இவருக்குப் பதிலா இவரோட ஃப்ளெக்ஸை நிறுத்தி வெச்சோம் சார், அது அசையாது, பதில் பேசாது, அதனால நாய் இவரைத் தூணுன்னு வெச்சுக்கிச்சு சார், தூணைச் சுத்தித்தான் போகணும், சுத்திப் போயிருச்சுன்னான். என்னைய அவர் இவர்னு வேற சொல்றான், மரியாதையாம். நடுவருக்குக் கண்ணு பளபளன்னு ஆயிருச்சு. "அந்த ஃப்ளெக்ஸ் இருக்குதா?"ன்னார். ரெண்டு ஜூனியர் பசங்க ஓடிப் போய்த் தூக்கிட்டு வந்து என்ற பக்கத்துலயே நிறுத்துனாங்க. அதே சட்டை. அதே கும்புடு. கலங்கரை விளக்கமேன்னு எழுத்து வேற. பூபாலனை எதிர்ப்பக்கம் போகச் சொல்லி நாயக் கூப்புடச் சொன்னார். "வா சாமி"ன்னான். நாய் வந்துது. என்னையும் சுத்துச்சு, ஃப்ளெக்ஸையும் சுத்துச்சு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி, ஒரு எட்டு ஒதுங்கி.

நடுவர் எந்திரிச்சு நின்னு கை தட்டுனார். மொதப் பரிசு எங்களுக்குத்தானுங்க. லீடர்னு என்ற பேரைத்தான் மொதல்ல கூப்புட்டாங்க. போய் வாங்குனேன். வாங்கறப்பக் கும்புடலாமான்னு ஒரு ரோசனை வந்து கையக் கீழ போட்டுட்டேன். அதுக்கும் சிரிச்சாங்க.

கீழ வந்தா அப்பா பூபாலன் கையப் புடிச்சுட்டு, "நல்லாப் பழக்கியிருக்கறீங்க கண்ணு"ன்னு சொல்லிட்டிருக்கறார். என்கிட்டத் திரும்பி, "சட்டை புதுசா?"ன்னு கேட்டார். அவ்வளவுதானுங்க கேட்டார். வேன் ஏறிப் போயிட்டாங்க. திட்டியிருந்தாக் கூட ஆறியிருக்கும். அந்த ஒரு கேள்வி இன்னும் நெஞ்சுக்குள்ள கெடந்து அறுக்குது.

ரூமுக்கு வந்து கேட்டேன். ஏன்டா, ஒரு வார்த்தை கோளாறுன்னு சொன்னா ஒன்ற சொத்தா போயிருக்கும்னேன். எங்கப்பா முன்னாலடா, எங்கம்மா முன்னாலடான்னேன். எனக்கு அழுகையே வந்துருச்சுங்க, மறைக்கறதுக்கென்ன. அவன் கட்டில் ஓரத்துல உக்காந்து கையப் பெசஞ்சுட்டே இருந்தான். "வாத்தியார்கிட்ட உனக்காக எத்தனை பொய் வேணா சொல்லுவேன் மாப்ள. இது அப்படி இல்லடா. நாம சொல்லிக் குடுத்ததை அது அப்படியே பண்ணியிருக்குது. சரியாப் பண்ணுனேன்னு அதுக்கு வாயத் தொறந்து சொல்லத் தெரியாது. நாமளும் கோளாறுன்னு சொல்லிட்டா வேற யாருடா அதுக்காகச் சொல்லுவாங்க?"ன்னான். கேட்டீங்களா? மிசினுக்காகப் பேசறானாம். எனக்காகப் பேசறதுக்கு யாரு இருக்காங்கன்னு அவனுக்குத் தோணல. மன்னிச்சுருடான்னும் சொன்னான். மன்னிப்பு எதுக்குங்க? மன்னிப்புக் கேட்டா அந்தக் கூட்டம் சிரிச்சது திரும்பிப் போயிருமா?

அதனாலதான் மேடம்கிட்டப் போனேன். ஆத்திரம்தானுங்க, இல்லைங்கல. மொதப் பரிசு வாங்கினதுனால நாயச் சென்னைக்குக் கொண்டு போயிப் பெரிய போட்டியில காட்டணும். அந்த நடுவர் பூபாலனை அங்க வரச் சொல்லியிருந்தார். அவங்க ஆராய்ச்சிக் கூடத்துல அவனை எடுத்துக்கறதுக்குப் பாக்கறேன்னு சொல்லியிருந்தார். அவன் அதை ஊட்டுக்குப் போன் பண்ணிச் சொல்றப்பக் கேட்டேன், "அம்மா, இனி அப்பாவைத் தறிக்குப் போக வேண்டாம்னு சொல்லு"ன்னான். நல்லா இருக்கட்டும். ஆனா என்ற மானத்தை வித்து நல்லா இருக்கணுமா? மேடம் ரூமுக்குப் போயி, "பூபாலன் ஒண்ணும் நீங்க நெனைக்கற மாதிரி உத்தமன் இல்ல மேடம், மொத வருசத்துல இருந்து ப்ராக்ஸி குடுத்துட்டு இருக்கறான்"னு சொன்னேன். மேடம் கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு, "யாருக்கு?"ன்னாங்க. "எனக்குத்தான் மேடம்"னேன்.

நீங்க எதுக்குங்க இப்பச் சிரிக்கறீங்க? நான் உண்மையத்தான சொன்னேன்?

என்ற கணக்கு வேறங்க. அவனைக் கூப்புட்டுக் கேப்பாங்க, அவன் இல்லைன்னு சாதிப்பான், அப்பறம் என்கிட்ட வந்து கெஞ்சுவான், நானும் போனாப் போகுதுன்னு மேடம்கிட்டப் பேசி விட்டுருவேன். அப்படித்தான் நெனைச்சேன், அவன் மேல சத்தியமா. கூப்புட்டாங்க. நானும் அங்கதான் நிக்கறேன். "ப்ராக்ஸி குடுத்தியா?"ன்னாங்க. "ஆமாங்க மேடம்"னுட்டான். அவ்வளவுதான். இவன்தான் கேட்டான்னு கூடச் சொல்லல, என்ற பக்கம் திரும்பக் கூட இல்ல. ஒருத்தனுக்கு அப்படி என்னங்க திமிரு? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாருமே தப்பிச்சிருக்கலாம்.

அவனைச் சென்னைக்கு அனுப்பல. லேப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டாங்க. மேடமும் நஸ்ரினும் நாயக் கொண்டு போனாங்க. அங்க மேடையில எறக்கி விட்டா, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துச்சாம். அப்பறம் படிக்கட்டுக்கிட்டப் போயி உக்காந்துக்கிச்சாம். எந்திரிக்கவே இல்லையாம். நஸ்ரின் வந்து சொன்னா. இப்ப என்கூடப் பேசறதில்லைங்க. ஆராய்ச்சிக் கூடத்துலயும் ஒழுங்கு நடவடிக்கை இருக்கற பையன் வேண்டாம்னுட்டாங்களாம். அது அவங்க முடிவு. அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. ஆனா பசங்க எல்லாம் என்னையப் பாக்கற பார்வை இருக்குதே, அடிபட்டவன் நான், பாக்கறது என்னமோ அடிச்சவனைப் பாக்கற மாதிரி.

அவன் இன்னும் அதே ரூம்லதானுங்க இருக்கறான். சண்டை போடலை. என்ற துணி மழையில நனைஞ்சாக் கூட எடுத்து உள்ள போடறான். ஆனா பேசறதில்ல. நானா ஒரு நாள் "சாப்புட்டியாடா"ன்னு கேட்டேன். தலைய ஆட்டுனான். அதோட செரி.

இப்ப எதுக்கு ஊட்டுக்குப் போறேன்னு கேக்கறீங்களா? அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. கடைசி வருசத்துல அப்பாவைக் கூட்டிட்டு வாங்கறது எவ்வளவு கேவலம் பாருங்க. பழைய வருகையெல்லாம் எப்படியோ தப்பிச்சுதுங்க, மேடம் அதைத் தோண்டலை. இனிமேல் ஒரு நாள் விட்டாலும் பரீட்சை எழுத விட மாட்டேன்னுட்டாங்க. செரின்னு நேத்துக் காலையில நேரத்துல எந்திரிச்சு, குளிச்சு, மொத ஆளாப் போயி மொத பெஞ்சுல உக்காந்தேன். மேடமே வந்து பேரு கூப்புட்டாங்க. குனிஞ்ச தலை நிமிராம ஒவ்வொரு பேராக் கூப்புட்டுட்டே வர்றாங்க. "தரணீஷ்"னாங்க. ஒரு சத்தமும் இல்ல. மறுபடி "தரணீஷ்"னாங்க. நான் திரும்பி பூபாலனைப் பாத்தேன். ரெண்டு பெஞ்சு தள்ளி உக்காந்து என்னையவேதான் பாத்துட்டு இருக்கறான். சொல்றா, சொல்றான்னு கண்ணாலயே சொல்றேன். அவன் வாயத் தொறக்கல. மேடம் ஆப்சென்ட் போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாங்க.

நீங்களே சொல்லுங்ணா. இத்தனை வருசத்துல ஒரு நாள் விட்டிருக்கறானா அவன்? நானே நேர்ல போய் உக்காந்த அன்னைக்குப் பாத்து விட்டுட்டானுங்ணா.